டிரம்ஸ் கிடையாது, எலெக்ட்ரிக் கிட்டார் கிடையாது: எவர்லி சகோதரர்களின் 1958 ஆல்பம்

1957இல் 'பை பை லவ்', 'வேக் அப் லிட்டில் சூசி'. 1958இல் 'ஆல் ஐ ஹாவ் டு டூ இஸ் ட்ரீம்', 'பேர்ட் டாக்'. ஒன்றரை வருடத்துக்குள் இத்தனை ஹிட் கொடுத்த ராக் அண்ட் ரோல் ஜோடி அடுத்ததாக என்ன ஆல்பம் போடும்? இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாக ஒன்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். எவர்லி பிரதர்ஸ் அப்படிச் செய்யவில்லை. 1958 ஆகஸ்டில் நாஷ்வில்லில் உட்கார்ந்து, தங்கள் அப்பா காலத்துப் பாட்டுகளையும் தாத்தா காலத்துப் பாட்டுகளையும் பன்னிரண்டு எடுத்துப் பாடிவிட்டுப் போனார்கள். பக்கத்துணைக்கு அக்கூஸ்டிக் கிட்டார், ஃபிளாய்ட் சான்ஸ் வாசித்த டபுள் பாஸ் (நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய பாஸ்), அவ்வளவுதான். அண்ணன் டானுக்கு அப்போது 21 வயது, தம்பி ஃபில்லுக்கு 19.

ஆல்பத்தின் பெயர் 'சாங்ஸ் அவர் டாடி டாட் அஸ்': எங்க அப்பா சொல்லிக்கொடுத்த பாட்டுகள். பெயர் விளம்பரத்துக்காக வைத்தது இல்லை. அப்பா ஐக் எவர்லி கென்டக்கி மாநிலத்து மூலன்பர்க் கவுண்டியில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கட்டைவிரலால் பாஸ் தந்திகளைத் தட்டிக்கொண்டே ஆள்காட்டி விரலால் மெட்டை எடுக்கும் கிட்டார் முறை அந்த வட்டாரத்துச் சொத்து. பின்னாளில் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் அதைக் கற்றுக்கொண்டது ஐக் எவர்லி, மோஸ் ரேகர் போன்றவர்களிடமிருந்துதான். சுரங்கத்தை விட்டுப் பாட்டை நம்பி ஐக் சிகாகோ போனார். பிறகு அயோவா மாநிலத்து ஷெனன்டோவா என்ற சிற்றூரில் ரேடியோ வேலை. அங்கே குடும்பமே மைக் முன்னால் நின்று பாடியது. டானும் ஃபில்லும் அரைக்கால் சட்டை வயதிலேயே ரேடியோவில் பாடிப் பழகியவர்கள். ஆகவே இந்தப் பன்னிரண்டு பாட்டையும் ஆல்பத்துக்காகத் தேடிப் பிடித்து ஒத்திகை பார்த்த ஆட்கள் என்று அவர்களை நினைக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்து வாயில் ஊறிய பாட்டுகள் இவை. கேட்கும்போது அந்த வித்தியாசம் காதில் விழும். எந்த வரியிலும் தடுமாற்றம் இல்லை, எந்த வரியிலும் 'பார், எவ்வளவு உருக்கமாகப் பாடுகிறேன்' என்ற பாவனையும் இல்லை.

வாங்கலாமா, கேட்கலாமா என்று யோசிக்கிறவருக்கு முதலில் ஒன்று: இந்தச் சகோதரர்களின் ஹிட் பாட்டுகள் எதனால் அப்படி ஒலித்தன என்று தெரிய வேண்டுமானால், ஹிட் தொகுப்பைவிட இந்த ஆல்பம்தான் சரியான இடம். ஹிட் பாட்டுகளில் டிரம்ஸ் உண்டு, சேட் அட்கின்ஸின் எலெக்ட்ரிக் கிட்டார் உண்டு, டான் ஓங்கி அடிக்கும் அக்கூஸ்டிக் உண்டு. இங்கே அதெல்லாம் விலகி நிற்கிறது. வீட்டுச் சுவர்ப் பூச்சை உரித்துவிட்டுச் செங்கல் வரிசையைப் பார்ப்பது போல, இரண்டு குரலும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அப்படியே தெரிகிறது.

அந்த அடுக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் டான் கீழ்க் குரலில் மெட்டைப் பாடுகிறார். ஃபில் அதற்கு மேலே மூன்றாவது சுரத்தில் போகிறார். சங்கராபரணத்தின் சுரங்களை வைத்துப் பார்த்தால், டான் ச-வில் நிற்கும்போது ஃபில் க-வில். டான் க என்றால் ஃபில் ப. சரி, டான் ப-வுக்கு ஏறினால்? கணக்குப்படி ஃபில் நி-க்குப் போக வேண்டும். ஆனால் கிட்டாரில் அடியில் ஓடுவது ச-க-ப கார்டு, அதாவது அந்த மூன்று சுரங்களின் கூட்டொலி. அதற்குள் நி வந்தால் இடிக்கும். அதனால் மேல் குரல் நி-யைத் தாண்டி மேல் ஸ்தாயி ச-வைப் பிடிக்க வேண்டும். கார்டு ம-த-ச ஆக மாறினால் கணக்கும் மாறும்: டான் அதே ச-வில் நின்றாலும் இப்போது மேலே க ஒத்து வராது, ம-தான் வரும். கீழ்க் குரல் அசையாமல் ஒரே சுரத்தில் நிற்க, அடியில் கார்டு மாறியதால் மேல் குரல் மட்டும் ஒரு படி நகரும் அந்த இடங்கள்தான் இந்த ஜோடிப் பாட்டில் நெஞ்சைத் தொடும் இடங்கள். மேல் குரல் என்பது மெட்டின் நிழல் இல்லை. அதுவே தனியாகப் பாடத்தக்க ஒரு மெட்டு. டானை மறைத்துவிட்டு ஃபில்லை மட்டும் கேட்டாலும் பாட்டு முழுதாக நிற்கும். முதல்முறை கேட்கிறவர்கள் பலர் ஃபில் பாடுவதைத்தான் மெட்டு என்று நினைத்து முணுமுணுக்கிறார்கள். அதில் தப்பே இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. கிட்டாரின் ஃபிரெட் கம்பிகள் சமப்படுத்திய சுருதியில், அதாவது ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரித்து, பதிக்கப்பட்டவை. ஒரு படிக்கு 100 சென்ட் என்பது கணக்கு. அதில் ச-விலிருந்து க 400 சென்ட் தூரம். இயற்கையான க, அதாவது 5/4 விகிதத்தில் வருவது, 386 சென்ட்தான். தம்புராவை மீட்டிவிட்டுக் கூர்ந்து கேட்டால் யாரும் பாடாமலே ஒலிக்கும் அந்தர காந்தாரம் அதுவே. இரண்டு குரல் அதிர்வில்லாமல் நேராக நின்று நீண்ட சுரம் பிடிக்கும்போது, காது தானாகவே அந்த இயற்கைச் சுருதியை நோக்கிச் சாயும். அப்போது இரண்டு குரலும் சேர்ந்து மூன்றாவது ஒலி ஒன்று எழுவது போலிருக்கும். பெரிய வாத்தியக் கூட்டம் பின்னால் இருந்தால் இது அமுங்கிவிடும். இங்கே கிட்டார் மெல்லியது, தட்டியதும் தேய்ந்துவிடுகிறது. குரல்கள் தங்கள் இடத்தைத் தாங்களே தேடிக்கொள்ள இடைவெளி கிடைக்கிறது.

குரல் ஒட்டிப்போவதற்கு ஒரே ரத்தம் என்பது மட்டும் காரணம் ஆகாது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரே மாதிரி உயிரெழுத்தைத் திறக்கிறார்கள், ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள், சொல்லின் கடைசி மெய்யெழுத்தை ஒரே நேரத்தில் மூடுகிறார்கள். கென்டக்கி வாடை அடிக்கும் அந்த நீட்டலும் இருவருக்கும் ஒரே அளவில் இருக்கிறது. சகோதர ஜோடிகள் இதற்கு முன்பும் உண்டு: டெல்மோர் பிரதர்ஸ், ப்ளூ ஸ்கை பாய்ஸ், மன்ரோ பிரதர்ஸ், லூவின் பிரதர்ஸ். டானும் ஃபில்லும் அந்த வரிசையின் நேர் வாரிசுகள். இந்த ஆல்பம் அதை ஒளிக்காமல் சொல்கிறது.

இனிப் பாட்டுகள். எல்லாவற்றையும் ஒரே அளவில் பேச வேண்டியதில்லை. சில பாட்டுகளுக்கு மற்றவற்றைவிடக் கனம் அதிகம்.

முதல் பாட்டு 'ரோவிங் கேம்ப்ளர்'. ஊர் ஊராகச் சுற்றும் சூதாடியின் பாட்டு. வேகம் இருக்கிறது, கதவைத் திறக்க நல்ல தேர்வு. இரண்டாவது பாட்டில் தரை சட்டென்று இறங்குகிறது. 'டவுன் இன் த வில்லோ கார்டன்' கொலைக் கதைப்பாடல். காதலிக்கு விஷ மதுவைக் கொடுத்து, கத்தியால் குத்தி, ஆற்றில் தள்ளியவன் தன் வாயாலேயே சொல்கிறான். பணம் உன்னைக் காப்பாற்றும் என்று தைரியம் கொடுத்த அப்பன், கடைசியில் மகன் தூக்கு மேடையில் நிற்பதைக் குடிசை வாசலில் உட்கார்ந்து பார்க்கிறான். மூன்று தட்டு நடை, தாலாட்டுக்குரிய வேகம். வழக்கமாக இந்தப் பாட்டை ஜி-யில் வாசித்தால் இரண்டாவது கார்டே ஈ மைனர் என்ற சோகச் சாயல் கார்டுதான். இனிப்பாகத் தொடங்கிய வரி அடுத்த கணமே நிழலுக்குள் போவது அந்த மைனரால்தான். டானும் ஃபில்லும் பயங்கரத்தைக் கூட்டிக் காட்டவே இல்லை. 'ஆல் ஐ ஹாவ் டு டூ இஸ் ட்ரீம்' பாட்டில் காதலியை அழைத்த அதே இளங்குரலில் கொலையையும் சொல்லிப் போகிறார்கள். உடல் சிலிர்ப்பது அதனால்தான். ஆல்பத்தின் உச்சம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

'லாங் டைம் கான்' டெக்ஸ் ரிட்டரும் ஃபிராங்க் ஹார்ட்ஃபோர்டும் எழுதியது. விட்டுப் போகிறேன் என்கிற காதலனின் பாட்டு. இந்த ஆல்பத்தில் ராக் அண்ட் ரோலுக்கு மிக அருகில் வருவது இதுதான். பாஸ் எப்படி ஒன்றாம் தட்டையும் மூன்றாம் தட்டையும் மட்டும் வைத்தே டிரம்ஸ் இல்லாத குறையை ஈடுகட்டுகிறது என்பதைக் கவனிக்கலாம். எவர்லி ஹிட் பாட்டுகள் பிடித்தவர் இங்கிருந்து தொடங்கினால் உள்ளே நுழைவது சுலபம்.

'லைட்னிங் எக்ஸ்பிரஸ்' நாலரை நிமிடத்தைத் தாண்டும். சாகக் கிடக்கும் அம்மாவைப் பார்க்க டிக்கெட் இல்லாமல் ரயிலேறிய பையன், இறக்கிவிடப் போகும் கண்டக்டர், சக பயணிகளிடம் காசு திரட்டும் பெண். கண்ணீர்க் கதைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்த நீளத்தில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும்போது கவனம் நழுவுகிறது. கதை தெரியாதவர்க்கு இரண்டாம் நிமிடத்திலேயே நழுவும். ஆங்கில வரிகளை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்பது நல்லது. 'பார்பரா ஆலன்' பாட்டுக்கும் இதே யோசனை. அதுவும் நாலரை நிமிடத்துக்கு மேல். 1666 ஜனவரியில் லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கும் பாட்டு அது. கடல் தாண்டி அப்பலாச்சிய மலைகளில் தங்கி, சுரங்கத் தொழிலாளியின் மகன்கள் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. 'லைட்னிங் எக்ஸ்பிரஸ்' சற்றே இழுத்தாலும் 'பார்பரா ஆலன்' இழுக்கவில்லை. அவசரப்படுத்தினால்தான் அது கெடும்.

'தட் சில்வர் ஹேர்டு டாடி ஆஃப் மைன்' ஜீன் ஆட்ரியும் ஜிம்மி லாங்கும் எழுதியது. அப்பாவுக்குச் செய்த குறைகளை நினைத்து வருந்தும் மகன். ஆல்பத்தின் பெயரோடு நேரடியாகப் பேசுகிற ஒரே பாட்டு. இசைத்தட்டின் முதல் பக்கத்தை முடிப்பது 'ஹூஸ் கோனா ஷூ யுவர் ப்ரிட்டி லிட்டில் ஃபீட்'. அழகுதான், கடந்து போகலாம்.

இரண்டாம் பக்கத்தில் 'ஓ ஸோ மெனி இயர்ஸ்' தனியாக நின்று கேட்க வேண்டியது. பல வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த காதல். ஃபில்லின் மேல் குரல் எவ்வளவு சுத்தமாக ஏறி இறங்குகிறது என்பதற்கு இந்த ஒரு பாட்டு போதும். அதற்கடுத்த 'ஐ'ம் ஹியர் டு கெட் மை பேபி அவுட் ஆஃப் ஜெயில்' கார்ல் டேவிஸும் ஹார்ட்டி டெய்லரும் எழுதியது. தலைப்பைப் பார்த்துக் காதல் பாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. சிறை வாசலில் நிற்பது வயதான தாய். வெளியே வந்த மகனின் கைகளிலேயே அவள் உயிர் போகிறது. 'ராக்கிங் அலோன்' பிள்ளைகள் கவனிக்காத தாயைப் பற்றி பாப் மில்லர் எழுதியது. இந்த இரண்டும் அடுத்தடுத்து வருவது ஆல்பத்தின் பலவீனம். இரண்டிலும் அம்மா, இரண்டிலும் கண்ணீர். நடுவே 'லாங் டைம் கான்' மாதிரி ஒன்று இருந்திருந்தால் இரண்டாம் பக்கம் மூச்சுவிட்டிருக்கும். 'கென்டக்கி' கார்ல் டேவிஸ் எழுதிய சொந்த ஊர் ஏக்கம். கடைசி 'புட் மை லிட்டில் ஷூஸ் அவே' 1870களில் அச்சான பாட்டு. சாகப்போகும் குழந்தை, என் செருப்பைத் தம்பிக்கு எடுத்து வை அம்மா என்கிறது.

ஆக, குறை என்ன என்பது தெளிவு. சாவு அதிகம், மெதுவான மூன்று தட்டு நடை அதிகம். பன்னிரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம் மங்கும். எல்.பி. இசைத்தட்டுக் காலத்தில் ஆறு பாட்டு முடிந்ததும் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த இடைவெளி இந்த ஆல்பத்துக்கு அவசியமானது. மொபைலில் கேட்கிறவர்களும் ஆறாவது பாட்டில் நிறுத்தி, பிறகு வந்து மிச்சத்தைக் கேட்டால் முழுப் பலன் கிடைக்கும்.

எந்தப் பதிப்பு? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆல்பம் கேடன்ஸ் கம்பெனி வெளியீடு, தயாரிப்பு அதன் உரிமையாளர் ஆர்ச்சி ப்ளையர், எண் சி.எல்.பி. 3016, லேபிளில் மெட்ரோனோம் படம். இது மோனோ ஆல்பம், அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒரே சேனலில். ஸ்டீரியோ வந்த பிறகு அந்தக் கால மோனோ ரெக்கார்டுகள் பலவற்றைச் சில கம்பெனிகள் போலி ஸ்டீரியோவாக்கி விற்றன. ஒரு பக்கம் அடித்தொனியைத் தூக்கி, மறுபக்கம் உச்சத்தொனியைத் தூக்கி, ஒரு பக்கத்தைச் சிறு தாமதத்தோடு ஓட்டி, மேலே எக்கோவும் கொஞ்சம் தெளிப்பார்கள். டிரம்ஸும் பிராஸும் நிறைந்த பாட்டில் அது ஓரளவு மறைந்துவிடலாம். இரண்டு குரல் மட்டுமே உள்ள பாட்டில் அது நாசம். டான் இடப்பக்கம் பொதுபொதுவென்றும் ஃபில் வலப்பக்கம் கிறீச்சென்றும் விலகி, சேர்ந்து எழ வேண்டிய அந்த மூன்றாவது ஒலி காணாமல் போகும்.

ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை அன்று 50 ஆண்டுதான். 1958இல் வெளியானவை 2008 முடிவோடு பொதுவுடைமை ஆகிவிட்டன. 2013இல் உரிமையை 70 ஆண்டாக நீட்டியபோதும் ஏற்கெனவே விடுபட்டவை திரும்பவில்லை. அதனால் இந்த ஆல்பத்தை இரண்டு ஆல்பம் ஒரே சி.டி.யில், நான்கு ஆல்பம் இரண்டு சி.டி.யில் என்று மலிவுக் கம்பெனிகள் பல போட்டிருக்கின்றன. சில நன்றாகவே இருக்கின்றன. சிலவற்றில் மூலநாடா கிடைக்காமல் பழைய தட்டிலிருந்தே எடுத்து, இரைச்சலை நீக்குகிறோம் என்று உச்சத்தொனியையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: சொல்லின் முடிவில் வரும் 'ஸ்', 'ட்' ஒலிகளைக் கவனிக்க வேண்டும். அவை துணி போர்த்தியது போல மழுங்கியிருந்தால், கிட்டார் தந்தியில் பிக் படும் 'டிக்' சத்தமும் கேட்காவிட்டால், அந்தப் பதிப்பை விட்டுவிடலாம். அமெரிக்காவில் ரைனோ கம்பெனி போட்ட மறுவெளியீடு நம்பி வாங்கத்தக்கது.

உண்மையான மோனோதானா என்று சோதிப்பதும் சுலபம். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, இரண்டு சேனலையும் தனித்தனி மோனோ ட்ராக்காகப் பிரித்து, ஒன்றின் ஒலியலையை மட்டும் தலைகீழாக்கி (இன்வெர்ட்), இரண்டையும் சேர்த்து ஓட்டினால் நல்ல மோனோவில் கிட்டத்தட்ட மௌனம்தான் மிஞ்சும். போலி ஸ்டீரியோ என்றால் குரலின் எச்சம் நன்றாகவே கேட்கும். எம்.பி.3 கோப்புகளில் சுருக்கம் காரணமாக மெல்லிய சலசலப்பு மிஞ்சுவது சகஜம். அதை வைத்துத் தவறாக முடிவு செய்யக் கூடாது.

பழைய எல்.பி. கையில் இருப்பவர்களுக்கு: அந்தக் கால மோனோ தட்டின் பள்ளம் சுமார் 1 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 25 மைக்ரான் முனை ஆரம் உள்ள ஊசிக்கு வெட்டப்பட்டது. பின்னால் வந்த ஸ்டீரியோ ஊசி பொதுவாக 0.7 மில். அது பள்ளத்தில் சற்றுக் கீழே இறங்கி உட்காரும். அங்கே அழுக்கும் தேய்மானமும் இருந்தால் சடசடப்பு கூடும். மோனோ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையரின் மோனோ பட்டனை அழுத்தினாலே பாதி இரைச்சல் அடங்கும், ஏனெனில் ஊசி மேலும் கீழும் ஆடுவதால் பிறக்கும் சத்தம் இரண்டு சேனலிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழிக்கும். ஹெட்ஃபோனைவிட ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பதே மேல். ஹெட்ஃபோனில் மோனோ தலைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அறையில் ஒரு ஸ்பீக்கர் வழியாக வரும்போது இரண்டு பேர் எதிரே நின்று பாடுகிற உணர்வு கிடைக்கும். சத்தம் மிதமாக இருக்கட்டும். இயல்பாக ஒருவர் பாடும் அளவைத் தாண்டினால் குரல் இறுகித் தெரியும்.

இதே பன்னிரண்டு பாட்டையும் 2013இல் பில்லி ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் நோரா ஜோன்ஸும் 'ஃபார்எவர்லி' என்ற பெயரில் வரிசை மாற்றிப் பாடி வெளியிட்டார்கள். டிரம்ஸ், பெடல் ஸ்டீல் எல்லாம் சேர்த்த, மரியாதையோடு செய்த வேலை. ஆணும் பெண்ணும் பாடுவதால் கதைகளுக்குப் புதுக் கோணம் கிடைக்கிறது. ஆனால் குரல்கள் அருகருகே நடக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்று கரையவில்லை. முதலில் அதைக் கேட்டுவிட்டு 1958 பதிவுக்கு வந்தால் வித்தியாசம் சட்டென்று புரியும். ராக் வாசனையோடு வேர்களைத் தேடுகிறவர்களுக்கு எவர்லிகளே 1968இல் வார்னர் கம்பெனிக்கு, லென்னி வரோங்கர் தயாரிப்பில் போட்ட 'ரூட்ஸ்' இருக்கிறது. 1952ஆம் ஆண்டுக் குடும்ப ரேடியோ நிகழ்ச்சியின் துண்டுகளை நடுநடுவே சேர்த்து, கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகார்டின் பாட்டுகளையும் புது அலங்காரத்தில் பாடியிருக்கிறார்கள். ஸ்டூடியோ வேலைப்பாட்டில் அது பணக்கார ஆல்பம். குரலைக் கற்க 1958 ஆல்பம்தான்.

கற்க என்று சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. இரண்டு பேர் சேர்ந்து பாடிப் பழக அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது அரிது. 'டவுன் இன் த வில்லோ கார்டன்' எடுத்துக்கொள்ளலாம். ஜி, ஈ மைனர், சி, டி: நான்கே கார்டு. சுருதி உயரமாக இருந்தால் கேப்போவை (கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை மாற்றும் கவ்வி) நகர்த்தி இருவர் குரலுக்கும் பொதுவான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அளவுகோல் மேல் குரல்தான். மேலே பாடுகிறவர் கத்தாமல், கள்ளக்குரலுக்கும் போகாமல் எட்டும் உச்சத்தை வைத்துச் சுருதியை முடிவு செய்ய வேண்டும். வலக்கை ஒன்றாம் தட்டில் பாஸ் தந்தியைத் தனியாகத் தொட்டு, இரண்டிலும் மூன்றிலும் மற்ற தந்திகளை லேசாக வருட வேண்டும். பாஸ் ஒரு முறை கார்டின் மூலச் சுரம், அடுத்த முறை அதன் பஞ்சமம். இரண்டையும் மூன்றையும் ஓங்கி அடித்தால் பாட்டு ராட்டினத்துக்குரிய கும்மாளமாகிக் கதை செத்துவிடும்.

முதலில் கீழ்க் குரல் தனியாகப் பாடி மெட்டை உறுதி செய்ய வேண்டும். மேல் குரல்காரர் மூன்றாம் சுரம் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டே பாடக் கூடாது. தன் வரியைத் தனி மெட்டாக மனப்பாடம் செய்துவிட்டுத்தான் சேர வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பாட்டின் நடுவே தம்மை அறியாமல் மெட்டுக்கே இறங்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் கார்டு மாறும் இடத்தில்தான் நடக்கும், ஏனென்றால் அங்கேதான் இரு குரலுக்கும் இடையிலான தூரம் மூன்றாம் சுரத்திலிருந்து நான்காம் சுரமாகிறது. அடுத்த தொல்லை குரல் நடுக்கம். ஒருவர் நடுக்கி மற்றவர் நேராக நின்றால் இரண்டும் உரசி அலையடிக்கும். இருவருமே நேராகப் பிடிக்கப் பழக வேண்டும். மூன்றாவது, சொல் முடிவு. 'ஸ்' என்று முடியும் சொல்லை இருவரும் வேறு வேறு நேரத்தில் மூடினால் பாம்பு சீறுவது போலக் கேட்கும். ஒருவர் மட்டும் அந்த எழுத்தை உச்சரிக்க, மற்றவர் உயிரெழுத்திலேயே விட்டுவிடலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பதிவு செய்வதானால் ஆளுக்கொரு மைக் வேண்டாம். ஒரே மைக்கின் முன் ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில், ஒருவர் வாயை மற்றவர் பார்க்கும்படி சற்றே திரும்பி நிற்க வேண்டும். மேல் சுரங்கள் எளிதில் துருத்திக்கொண்டு வரும் என்பதால் அந்தக் குரல்காரர் அரை அடி பின்னால் நிற்கலாம். அளவு சரியில்லையென்றால் நிற்கும் இடத்தை மாற்றிவிட்டு மறுபடி முழுப் பாட்டையும் பாட வேண்டியதுதான். பின்னால் உட்கார்ந்து சரிசெய்ய வழி கிடையாது. மூன்று நான்கு முறை அப்படிப் பாடிய பிறகு 1958 பதிவைத் திரும்பப் போட்டு, டான் ஒரே சுரத்தில் நிற்க ஃபில் மட்டும் நகரும் இடங்களைத் தேடிக் கேட்கலாம். முன்பு மொத்தமாக இனிமை என்று மட்டுமே பட்ட இடங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும்.